பால் பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்

 

சென்ற மாதம் மதரஸா கூடத்தில் நடந்த பல் மருத்துவ முகாமில், பதிவேட்டை வைத்துக்கொண்டு மருத்துவரின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எட்டு வயதுப் பையன் ஒருவனை அவன் உம்மா அழைத்து வந்தார். கீழ்த்தாடையில் பின்பக்கத்துப் பல் ஒன்று நடுவில் குழி விழுந்து கறுத்திருந்தது. வலியால் பிள்ளை இரவில் தூங்குவதில்லையாம். "எடுத்துடச் சொல்லுங்க காக்கா. பால் பல்லுதானே, வேற முளைச்சிடும்" என்று அந்தச் சகோதரி என்னிடம் சொன்னார்.

மருத்துவர் பையனின் வாயைத் திறக்கச் சொல்லி, முன்பல்லில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். "இது ஆறாவது பல்லும்மா. இது பால் பல் இல்லை. இதுக்குக் கீழே வேற பல் கிடையாது. இது போனா போனதுதான்" என்றார். அந்தத் தாயின் முகம் வாடிவிட்டது.

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கு இதே பல்லில் சொத்தை வந்தபோது, "பால் பல்தானே, விழுந்துவிடும்" என்று சொல்லி ஆறு மாதம் தள்ளிப்போட்டவன் நான். மருத்துவரிடம் போனபோது பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று அவள் பிள்ளைகளுக்குத் தாய். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் வார்த்தை எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆகவே இந்த இதழில் பல்லைப் பற்றி எழுதுகிறேன். பல் எப்படி அமைந்திருக்கிறது, எப்போது உருவாகிறது, நாம் சாப்பிட்டதும் வளர்ந்ததும் அதில் எப்படிப் பதிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், பிள்ளைகளின் பல்லை நாம் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பல்லின் உள்ளே என்ன இருக்கிறது?

வெளியே தெரியும் பகுதியைப் பல்லின் தலை என்றும், ஈறுக்குள் தாடை எலும்பில் பதிந்திருப்பதை வேர் என்றும் சொல்கிறோம். தலையை மூடியிருக்கும் வெள்ளை உறை எனாமல். மனித உடம்பிலேயே மிகவும் கடினமான பொருள் இதுதான். இதன் எடையில் சுமார் 96 சதவீதம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப் பொருள். மெல்லும் முனைகளில் அதன் கனம் அதிகபட்சம் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும்.

எனாமலுக்குக் கீழே டென்டின் என்ற பகுதி உண்டு. பல்லின் பெரும்பகுதி இதுதான். எலும்பைப் போன்றது, எனாமலைவிட மென்மையானது, இலேசான மஞ்சள் நிறம் கொண்டது. நடுவில் இருப்பது பற்கூழ். இரத்த நாளங்களும் நரம்பும் இங்கேதான் ஓடுகின்றன. வேரைச் சுற்றி சிமென்டம் என்ற மெல்லிய பூச்சு இருக்கிறது. அதற்கும் எலும்புக்கும் நடுவே நுண்ணிய நார்கள் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கல்லைக் கடித்துவிட்டால் உடனே 'சுருக்' என்று உணர்வது அந்த நார்களில் உள்ள நரம்புகளால்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எலும்பு முறிந்தால் மறுபடி கூடும். தோல் கிழிந்தால் ஆறும். எனாமல் அப்படியல்ல. அதைக் கட்டுகிற செல்கள் பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. அதன்பின் உடைந்த எனாமலைக் கட்டித்தர உடம்பில் ஆள் இல்லை. சொத்தை எனாமலைத் துளைத்து டென்டினுக்குள் போய்விட்டால் வேகமாகப் பரவும்; பற்கூழைத் தொட்டதும் தாங்க முடியாத வலி தொடங்கும். வலி வந்த பிறகு மருத்துவரிடம் போவது என்பது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் போவதுதான்.

இரண்டு தொகுப்புப் பற்கள்

பால் பற்கள் மொத்தம் 20. சுமார் ஆறு மாதத்தில் முதல் பல் வெளிவந்து, இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். நிலையான பற்கள் 32. கடிக்க வெட்டுப்பற்கள் எட்டு, கிழிக்கக் கோரைப்பற்கள் நான்கு, நொறுக்க முன்கடைவாய்ப் பற்கள் எட்டு, அரைக்கப் பின்கடைவாய்ப் பற்கள் பன்னிரண்டு. ஆட்டின் வாயில் புல்லை அரைக்கும் பற்கள் பெரிதாக இருக்கும். பூனையின் வாயில் கத்தரிக்கோல் போன்ற பற்கள் இறைச்சியை வெட்டும். மனிதனுக்கு இரண்டு வேலையும் செய்யும் கலவையான பற்கள். தானியம், காய், கனி, மீன், இறைச்சி எல்லாவற்றையும் உண்ணத் தக்க அமைப்பு.

முன்பற்கள் ஆறு வயதுவாக்கில் ஆடி விழுந்து, அதே இடத்தில் புதுப்பல் வரும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது அடுத்ததுதான். ஏறக்குறைய அதே ஆறு வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, ஒவ்வொரு பக்கமும் மேலும் கீழுமாக நான்கு புதிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எதுவும் ஆடுவதில்லை; பிள்ளை வந்து காட்டுவதுமில்லை. ஆகவே பெற்றோர் அதைப் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். ஆயுள் முழுக்க மெல்லப்போகிற பெரிய பற்கள் இவை. மேலே ஆழமான பள்ளங்கள் இருப்பதால் உணவு தங்கிச் சொத்தை எளிதில் பிடிக்கும்.

அடையாளம் காண்பது எளிது. முன்பற்களின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாகப் பின்னோக்கி எண்ணுங்கள். இடையில் விழுந்த பல் இருந்தால் அந்தக் காலி இடத்தையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வரை பால் பற்களின் இடம். ஆறாவது நிலையான பல். ஆறு வயதில் வருவது ஆறாவது பல் என்று மனதில் வைத்துக்கொண்டால் மறக்காது.

பல்லில் பதியும் நாட்கணக்கு

பால் பற்கள் தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்குகின்றன. நான்காம் மாதவாக்கில் அவற்றில் தாது படியத் தொடங்குகிறது. நாம் சொன்ன ஆறாவது பல்லில் தாது படியத் தொடங்குவது பிறப்பை ஒட்டிய நாட்களில். குழந்தைக்கு மூன்று வயது ஆவதற்குள் அதன் தலைப்பகுதி ஈறுக்குள்ளேயே முழுதாக உருவாகி முடிந்துவிடுகிறது. ஆறு வயதில் நாம் காணும் பல், மூன்று வயதுக்குள் கட்டி முடிக்கப்பட்ட பல்.

எனாமல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 4 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரை 250 கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு. பல்லை மிக மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த நாட்கோடுகள் தெரிகின்றன. சில நாட்களுக்கு ஒருமுறை அழுத்தமான கோடு ஒன்றும் வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஏழு முதல் ஒன்பது நாட்களுக்கு ஒருமுறை. இதை 19-ஆம் நூற்றாண்டில் விவரித்த சுவீடன் நாட்டு அறிஞர் ஆண்டர்ஸ் ரெட்சியஸ் பெயரால் ரெட்சியஸ் கோடுகள் என்கிறார்கள். மரத்தில் ஆண்டு வளையம் இருப்பதுபோல் பல்லில் நாள் வரையில் கணக்கு இருக்கிறது.

பிறந்த நாளும் அதில் பதிவாகிறது. கருவறையிலிருந்து வெளி உலகுக்கு வரும் அந்த மாற்றம், பால் பற்களின் எனாமலில் தனிக் கோடாக நிற்கிறது. கோட்டுக்கு உட்புறம் இருக்கும் எனாமல் தாய் உண்ட உணவில் உருவானது. வெளிப்புறம் இருப்பது பிறந்தபின் படிந்தது. கர்ப்பிணிப் பெண்ணுக்கு முட்டை, பால், மீன், கீரை கொடுங்கள் என்று சொல்வது, பிறக்கப்போகும் பிள்ளையின் பல்லுக்கும் சேர்த்துச் சொல்வதுதான்.

குழந்தைப் பருவத்தில் கடுமையான காய்ச்சலோ நீண்ட ஊட்டச்சத்துக் குறைவோ வந்தால் எனாமல் கட்டும் வேலை தடுமாறுகிறது. நிலையான முன்பற்கள் வந்தபின் அவற்றின் மேல் குறுக்காக ஒரு பள்ளக் கோடாகச் சிலருக்கு அது தெரியும். பல்லின் எந்த உயரத்தில் கோடு இருக்கிறது என்பதை வைத்து, எந்த வயதில் அந்தக் கஷ்டம் வந்தது என்று கணிக்கலாம். பழைய இடுகாடுகளில் கிடைக்கும் பற்களை வைத்து அந்த மக்கள் எப்போது பட்டினி கிடந்தார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வது இப்படித்தான்.

தாய்ப்பாலின் சாட்சி

பெல்ஜியம் நாட்டில் ஸ்க்லாடினா என்ற குகையில், நியாண்டர்தால் எனப்படும் ஆதிகால மனித இனத்தைச் சேர்ந்த எட்டு வயதளவான குழந்தை ஒன்றின் தாடையும் பற்களும் கிடைத்தன. தாய்ப்பால் குடிக்கும்போது பல்லில் பேரியம் என்ற தனிமம் கூடுகிறது. பால் நின்றால் குறைகிறது. அந்தக் குழந்தையின் பல்லில் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து 2013-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். முதல் ஏழு மாதம் தாய்ப்பால் மட்டும், அடுத்த ஏழு மாதம் பாலோடு வேறு உணவு, பிறகு பால் திடீரென்று நின்றுபோயிருக்கிறது. தாய் இறந்தாளா, பிரிந்தாளா என்று பல் சொல்லவில்லை. பால் நின்ற மாதத்தை மட்டும் காட்டித் தந்தது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் மற்ற உணவோடு தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரண்டு முழு ஆண்டுகள் என்ற கணக்கு நமக்குப் புதிதல்ல. ஆறாவது பல்லின் தலை கட்டப்படும் காலத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு ஆண்டுகளுக்குள்தான் வருகிறது.

பால் பற்களைச் சேகரித்த ஊர்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1950-களின் இறுதியில் ஒரு வேலை தொடங்கியது. அப்போது அணுகுண்டுச் சோதனைகள் திறந்த வெளியில் நடந்துகொண்டிருந்தன. அதிலிருந்து காற்றில் பரவிய ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் புல்லில் படிந்து, மாட்டின் பால் வழியாகக் குழந்தைகளின் உடம்புக்குள் போகிறதோ என்று சிலர் அஞ்சினார்கள். ஸ்ட்ரான்சியம் கால்சியத்தைப் போன்றது. உடம்பு அதையும் எலும்பிலும் பல்லிலும் சேர்த்துவிடும். எலும்பை எடுத்துச் சோதிக்க முடியாது. ஆனால் பால் பல் தானாக விழுகிறதே!

மருத்துவர் லூயிஸ் ரைஸ் முன்னின்று நடத்த, பள்ளிகளிலும் வீடுகளிலும் கேட்டுக் கேட்டு, 1970 வரை சுமார் மூன்று லட்சம் பால் பற்களைச் சேகரித்தார்கள். பல் கொடுத்த பிள்ளைகளுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை பரிசு. சோதனைகள் பெருகப் பெருக, பிறந்த குழந்தைகளின் பல்லில் அந்த நச்சுப் பொருளும் பெருகியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. 1963-இல் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன் மூன்றும் வளிமண்டலத்தில் அணுகுண்டுச் சோதனையை நிறுத்த ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்கு வலுச் சேர்த்த சான்றுகளில் அந்தக் குழந்தைகளின் பற்களும் இருந்தன.

சொத்தை எப்படி வருகிறது?

நம் வாயில் வாழும் சில கிருமிகள் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் எனாமலில் உள்ள தாதுவைக் கரைக்கிறது. உமிழ்நீர் மெல்ல அமிலத்தைக் கழுவி, கரைந்த தாதுவை ஓரளவு திருப்பிச் சேர்க்கிறது. அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மறுபடி ஒரு பிஸ்கட், ஒரு மிட்டாய், இனிப்புத் தேநீர் என்று போய்க்கொண்டிருந்தால் உமிழ்நீருக்கு வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை.

மொராக்கோ நாட்டில் தாஃபொரால்ட் குகையில் சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்களின் பற்களில் பாதிக்கு மேல் சொத்தை இருந்ததை 2014-இல் கண்டறிந்தார்கள். அவர்களிடம் விவசாயமும் இல்லை, வெள்ளைச் சர்க்கரையும் இல்லை. மாவுச்சத்து மிகுந்த கருவாலிக் கொட்டைகளைச் சேமித்து வைத்து அடிக்கடி சாப்பிட்டிருக்கிறார்கள். பல்லில் ஒட்டும் மாவும் சொத்தையைத் தரும் என்பதற்கு இது சான்று.

சுவீடனில் 1940-களில் வீப்பேஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில், அங்கிருந்தவர்களுக்கு ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். நோயாளிகளை இப்படிப் பயன்படுத்தியது பெரும் அநியாயம் என்று பின்னாளில் கண்டிக்கப்பட்டது. ஆனால் அதில் தெரிந்த உண்மை நிலைத்தது. உணவோடு சேர்த்து உண்ணும் இனிப்பைவிட, இடைவேளைகளில் அடிக்கடி தின்னும், பல்லில் ஒட்டும் இனிப்பே மிகவும் கேடு. எவ்வளவு என்பதோடு எத்தனை தடவை என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

குடித்த தண்ணீரும் பதியும்

1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில், சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த மனிதர் ஒருவரின் உடல் கிடைத்தது. அவருடைய எனாமலில் இருந்த தனிமங்களைச் சோதித்து, இத்தாலியின் வட பகுதியில் எந்தப் பள்ளத்தாக்கில் அவர் சிறுவயதைக் கழித்திருப்பார் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். சிறுவயதில் குடித்த தண்ணீர் பல்லில் அப்படித் தங்கிவிடுகிறது.

நம் மாநிலத்தில் இதற்குக் கண்முன் சான்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள். அங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஃபுளோரைடு சிறிதளவு இருந்தால் எனாமல் உறுதிப்படும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கேடு. பல் உருவாகும் எட்டு வயதுக்குள் அந்த நீரைக் குடித்த பிள்ளைகளின் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். தேய்த்தாலும் போகாது, கறை எனாமலுக்குள்ளேயே இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். அந்த மாவட்டங்களில் நம் உறவினர் இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள்: நீரைக் கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு நீங்காது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

நாம் வீட்டில் செய்ய வேண்டியவை

1. தூங்கும் குழந்தையின் வாயில் பால் புட்டியோ சர்க்கரைத் தண்ணீரோ வைக்க வேண்டாம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவு. இரவு முழுவதும் பல் இனிப்பில் ஊறும்.

2. பால் பல்லையும் காப்பாற்றுங்கள். அது நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைக்கிறது. முன்னதாகவே போய்விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, புதுப்பல் கோணலாக வரும்.

3. ஆறு வயதானதும் மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பிள்ளையின் வாயைப் பாருங்கள். ஆறாவது பல் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதன் பள்ளங்களை மூடும் பூச்சு ஒன்று இருக்கிறது. வலியில்லாத எளிய சிகிச்சை அது.

4. ஃபுளோரைடு உள்ள பற்பசையால் காலையிலும் இரவு தூங்கும் முன்பும் துலக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் போதும். ஏழு, எட்டு வயது வரை பெரியவர்களே துலக்கி விடுவது நல்லது. நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்க்காரர்கள் மருத்துவரைக் கேட்டுப் பற்பசையைத் தேர்ந்தெடுக்கவும்.

5. மிஸ்வாக் செய்யும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். முறையாகச் செய்தால் பற்படலத்தை நன்றாக நீக்கும். பின்பற்களின் உட்புறத்தைக் குச்சி எளிதில் எட்டாது என்பதால் இரவில் பிரஷையும் சேர்த்துக்கொள்ளலாம்.

6. இனிப்பை உணவோடு கொடுங்கள். இடைவேளைகளில் கடலை, பழம், வெறும் தண்ணீர். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டிச் சர்க்கரைக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு தேநீருக்கு இரண்டு கரண்டி என்றால் மூன்று தேநீரிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

7. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் உருவாகும் பல்லில் நிரந்தரக் கறையை ஏற்படுத்தும்.

முகாமுக்கு வந்த அந்தப் பையனின் பல்லை மருத்துவர் பிடுங்கவில்லை. அந்தப் பல்லின் வேர் வளர்ந்து முடிய ஒன்பது, பத்து வயது ஆகும் என்பதால், அதற்குத் தக்க சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார். இரண்டு முறை போய் வந்துவிட்டார்கள்; இன்னும் போக வேண்டியிருக்கிறது. வலி நின்று பிள்ளை தூங்குகிறான் என்று அவன் வாப்பா பள்ளிவாசலில் என்னிடம் சொன்னார்.

இன்று இரவு இஷா தொழுதுவிட்டு வந்ததும், உங்கள் வீட்டுப் பிள்ளையை மடியில் படுக்க வைத்து, நடுவிலிருந்து ஆறு வரை எண்ணிப் பாருங்கள். எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் என் மகள் இன்று இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுவாள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்